அடைபடாத மடை

இன்று காலையும் ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு நின்றேன். மார்கழிக் காற்று. திருச்செந்தூர் சாலையில் இருக்கும் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் பிரசவ அறை ஜன்னலில் பாதிக்குக் கண்ணாடி கிடையாது. எழுதிக் கேட்டால், வரும் என்று பதில் வருகிறது, கண்ணாடி வருவதில்லை. கடற்காற்று நேரே உள்ளே வந்து, அப்போதுதான் பிறந்த பிள்ளையின் மேல் விழுகிறது. வட்டு பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"சார், வச்சுப் பாருங்க சார்," என்றாள் நர்ஸ். நான் பதில் சொல்லவில்லை. அவளுக்கு இது பழகிவிட்டது. வேலைக்கு வந்த புதிதில் எனக்குக் காது மந்தம் என்று நினைத்தாளாம்.

நீ இல்லாமல் போய்ச் சில மழைக்காலங்கள் ஆகிவிட்டன. உனக்கு எழுத வேண்டும் என்று இதுவரை தோன்றியதில்லை. எழுதினாலும் நீ வாசிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்தபோதே வாசிக்க மாட்டாய். 'வாயால சொல்லுலே, எதுக்குக் காயிதம்' என்பாய். அழுகையும் வரவில்லை. உன்னை அடக்கம் செய்த அன்று வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. வரும் என்று நான் காத்திருக்கவும் இல்லை. இந்த வட்டு மட்டும் தினமும் கைக்கு வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

காலையில் பிறந்தவன் உடனே அழவில்லை. தொப்புள்கொடியோடு, கருநீலமாக, வழுவழுவென்று கிடந்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் என் கை அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. வாயைத் துடைத்தது, முதுகைத் தேய்த்தது, குதிகாலைச் சுண்டியது. மூச்சு மட்டும் எனக்கு நின்றுபோயிருந்தது. நானாக நிறுத்தியதல்ல. வள்ளத்தில் உட்கார்ந்து, நீ மேலே வரும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நின்ற அதே மூச்சு.

பிறகு அவன் அழுதான். அழ அழ நிறம் மாறியது. முதலில் நெஞ்சு, பிறகு முகம், கைகால் கடைசியில். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது ஒரே மாதிரிதான் இருக்கிறது. நர்ஸ் சிரித்தாள். நான் வட்டைச் சூடாக்கப் போனேன்.

நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த கதையை அழகாக்க எனக்கு மனம் இல்லை. நான் மில்லர்புரத்து வாத்தியார் வீட்டுப் பையன். நீ கடற்கரைத் தெருக்காரன். நீ எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனால், நீ உட்கார்ந்த நாற்காலியை அம்மா ஈரத்துணியால் துடைப்பாள். மீன் வாடையாம். காலையும் மாலையும் பைபிள் வாசிக்கிற வீடு. உனக்கு அது தெரியும். ஒருநாள் வேண்டுமென்றே எல்லா நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்துவிட்டு, "ஒங்க அம்மைக்கு இன்னைக்கு நல்ல வேலை" என்று சொல்லிக்கொண்டே போனாய்.

எட்டாம் வகுப்போடு உன் படிப்பு நின்றது. நீ கடலுக்குப் போகும்போது முத்துக்குளிப்பு நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. ஊருக்கு முத்தின் பேர் மட்டும் மிச்சம். அடுத்த வருஷம் கடலடியில் முத்துச்சிப்பிப் பார் விளையும், அதற்கு அடுத்த வருஷம் விளையும் என்று உங்கள் தெருவில் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் சங்கு எடுத்தீர்கள். எடுத்த சங்கு யாரோ ஒரு கல்யாணப்பெண்ணின் கையில் வளையலாகப் போகும் என்றும், அது வங்காளத்தில் என்றும் எனக்கு நீதான் சொன்னாய். வங்காளம் எங்கே இருக்கிறது என்று நான் உனக்குச் சொன்னேன். "தூரந்தான்," என்றாய்.

விடுமுறையில் உன் வள்ளத்தில் வந்தேன். முதல் தடவை நீ முங்கிய கொஞ்ச நேரத்தில் பயந்துபோய் உன் பேரைச் சொல்லிக் கத்திவிட்டேன். கயிறு பிடித்திருந்த உன் சித்தப்பா ஒரு கையால் என் வாயைப் பொத்தினார்.

"ஏலே, சத்தம் போடாத. கீழ கெடக்கவனக் கூப்பிடக் கூடாது."

"அவனுக்குக் கேக்கவா போகுது?"

"கேக்குதோ கேக்கலையோ. கூப்பிடக் கூடாதுன்னா கூப்பிடக் கூடாது. கயித்தப் பாரு."

கயிறு ஒருமுறை அசைந்தது. இருக்கிறேன் என்று அர்த்தம். அவரும் ஒருமுறை அசைத்துப் பதில் சொன்னார். வெகுநேரம் கழித்து, எனக்கு அப்படித் தோன்றியது, கயிறு இரண்டு முறை வெட்டி இழுபட்டது. தூக்கு என்று அர்த்தம். அவர் தூக்கினார். நீ தலையை வெளியே நீட்டி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கினாய். வள்ளத்தில் ஏறியதும் சித்தப்பா உன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அடிப்பு அடங்கும்வரை எடுக்கவில்லை. அடங்கிய பிறகுதான் மறுபடி இறங்க விட்டார்.

"கூப்பிட்டாப் பதில் சொல்லத் தோணிரும்லா," என்று அன்றைக்குக் கரைக்குத் திரும்பும்போது சொன்னாய். "வாயத் தொறந்தா கடல் உள்ள வந்துரும். கீழ கயிறுதான் பேசணும்."

நான் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். நீ லூர்துவைக் கல்யாணம் செய்துகொண்டாய். லூர்து உப்பளத்தில் வேலை பார்த்தாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் பார்த்தாள். வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை என்பது வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துப் போட்ட சட்டம். மாதம் நிறையும் முன்பே, பாத்தியில் நிற்கும்போது வலி வந்தது. வீட்டில் வைத்துப் பிறந்தாள் ஸ்டெல்லா. அவ்வளவு சிறியதாக இருந்ததால் மருத்துவச்சி மாதா கோயிலுக்குப் போகும்வரைகூடக் காத்திருக்காமல் அங்கேயே நெற்றியில் தண்ணீர் ஊற்றிப் பேர் வைத்துவிட்டாள். இப்போதே செத்துப்போகும் என்று நினைத்தால் உங்கள் தெருவில் அப்படித்தான் செய்வார்கள். ஸ்டெல்லா சாகவில்லை.

நான் வந்து பார்த்தபோது அவளை உன் மடியில் வைத்திருந்தாய். வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். விலாவுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது.

"எப்பவும் இப்படித்தான் இளைக்குதாளா?" என்றேன்.

"இளைக்காம என்ன செய்வா? இத்தன மாசம் தண்ணிக்குள்ள முங்கிக் கெடந்தவ. மேல வந்தா மூச்சு வாங்கத்தான செய்யும். நாங்க கொஞ்ச நேரம் முங்கிட்டு வந்தாலே எப்படி வாங்குது, பாத்திருக்கேல்லா."

"பொம்பளப் பிள்ளைய சங்கு குளிக்க அனுப்பப் போறியா?"

"கடல் ஆம்பளை பொம்பளையா பாக்கும்? அடங்கட்டும், பாரு. இவ நெஞ்சு என்னைய விடப் பலம். கைய வையி."

வைத்தேன். இடப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஏதோ ஒன்று விடாமல் அதிர்ந்தது. மடியில் கிடக்கும் பூனையைத் தொட்டால் அதிருமே, அப்படி. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "லாஞ்சு ஓடுது டாக்டரே," என்றாய். அப்போதுதான் நம் கடலில் எஞ்சின் வைத்த படகுகள் வந்து உங்கள் வள்ளங்களை ஓரங்கட்டத் தொடங்கியிருந்தன. உனக்கு லாஞ்சு என்றாலே ஆகாது. ஆனாலும் உன் மகள் நெஞ்சுக்குள் ஓடிய லாஞ்சு மட்டும் உனக்குப் பெருமையாக இருந்தது.

சித்தப்பா உன் நெஞ்சில் கை வைத்துக் காத்திருந்த மாதிரி நீ அவள் நெஞ்சில் கை வைத்துக் காத்திருந்தாய். அடங்கும், மேலே வந்தவர்களுக்கு அடங்கத்தான் செய்யும். ஊரில் வேறு எந்தத் தகப்பனும் அந்த இளைப்பைப் பார்த்துப் பயந்திருப்பான். சங்கு குளிக்கிறவன் பயப்படவில்லை.

மாதங்கள் போயின. அடங்கவில்லை. பால் குடிக்கும்போது தலை முழுக்க வேர்த்தாள். நாலு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு விட்டுவிடுவாள். எந்நேரமும் சளி. நான் சொல்லித்தான் நீங்கள் இருவரும் அவளை எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

அந்தக் காலைப்பொழுதை நான் வேறு யாருக்கும் எழுதியதில்லை. பெரிய டாக்டர் ஸ்டெல்லாவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்; முகம் மலர்ந்தது. அப்படி மலர்ந்தது என்பது நிஜம். உடனே எங்கள் வகுப்பு மாணவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு அனுப்பினார். புத்தகத்தில் அந்த ஓசைக்கு எந்திர ஓசை என்றே பேர். இவ்வளவு தெளிவாக இனி எப்போது கேட்கப் போகிறீர்கள் என்றார், இங்கிலீஷில். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் குளிர்ந்த வட்டை அவள் நெஞ்சில் வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. அவளுக்கு அழவும் தெம்பில்லை. கேட்டவர்கள் தலையாட்டிச் சிரித்துவிட்டு அடுத்தவனுக்கு இடம் விட்டார்கள்.

நீ பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு முன்னால் வந்தாய்.

"சார், குளிருது சார் பிள்ளைக்கு. இங்கன தாங்க."

அடுத்து வந்தவன் கையிலிருந்து வட்டை வாங்கி உன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாய். சங்கின் விளிம்பு கீறிக் காய்த்துப்போன கை. கொஞ்ச நேரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாய். அதற்கு அடுத்தவனிடமும் வாங்கினாய். பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "யாருப்பா இந்த ஆள்? நகரச் சொல்லு," என்றார். நீ நகரவில்லை. வட்டைச் சூடாக்கித் தருவதற்குத்தான் உன்னை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்பது போல நின்றாய். என் முறை வந்தபோது என்னிடமும் கையை நீட்டினாய்.

எல்லோரும் போனபின் வராந்தாவுக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"இத்தன டாக்டர் வந்து பாத்திருக்காங்க. எல்லாரும் சிரிச்ச முகமாப் போறாங்க. பிள்ளைக்கு நல்லாருக்குன்னுதான அர்த்தம்?"

அந்தக் கட்டடத்தில் அவ்வளவு பேர் இருந்தும் உன்னிடம் ஒரு வார்த்தை யாரும் சொல்லியிருக்கவில்லை. லூர்துவிடமும் சொல்லவில்லை. ஏழைப் பிள்ளையின் நெஞ்சு பாடப்புத்தகம். புத்தகத்தின் தகப்பனிடம் யார் பேசுவார்கள்? நான்தான் சொன்னேன். தரையில் உட்கார்ந்து, சுண்ணாம்புச் சுவரில் விரலால் வரைந்து சொன்னேன்.

வயிற்றுக்குள் இருக்கும்போது பிள்ளை மூச்சு விடுவதில்லை. நுரையீரல் முழுக்கத் தண்ணீர். மூச்சுக்கு வேண்டியதெல்லாம் தாயின் ரத்தத்திலிருந்து கொடி வழியாக வந்துவிடும். அதனால் நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் முக்கால்வாசி அங்கே போகாமல் வேறு பக்கம் திரும்பிவிடும். அதற்கு இரண்டு குறுக்குவழி. இதயத்துக்குள்ளேயே மேலறைகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கதவு. வெளியே, நுரையீரலுக்குப் போகிற பெரிய குழாயையும் உடம்புக்குப் போகிற பெரிய குழாயையும் இணைக்கிற ஒரு சின்னக் குழாய். பிறந்து முதல் அழுகை அழும்போது காற்று உள்ளே போகிறது, நுரையீரல் விரிகிறது, ரத்தம் முதல்முதலாக அங்கே பாய்கிறது. அது திரும்பி வந்து இடப்பக்கம் நிறையும்போது அந்த அழுத்தத்தில் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. அந்தச் சின்னக் குழாயும் காற்று பட்ட ரத்தம் வந்ததும் சுருங்கத் தொடங்கும். ஓரிரு நாளில் ரத்தம் போகாத அளவுக்கு இறுகி, சில வாரத்தில் ஒரு நார் மாதிரி ஆகிவிடும். நம் எல்லோருக்கும் அந்த நார் உள்ளே இருக்கிறது. மாதம் குறைந்து பிறந்த பிள்ளைகளுக்குச் சிலசமயம் அது சுருங்காமல் திறந்தே நின்றுவிடும்.

லூர்து பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். விசிறியை நிறுத்தினாள்.

"மடை," என்றாள். "மடைய அடைக்காம விட்டுட்டாங்க."

உப்பளத்தில் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு மண் வைத்து மடையை அடைப்பார்கள். அடைக்காவிட்டால் தண்ணீர் போன வழியே திரும்பும். ஆமாம் என்றேன். உடம்புக்குப் போக வேண்டிய ரத்தம் மடை வழியாக மறுபடி நுரையீரலுக்கே போய் நிரம்புகிறது. இதயம் ஒரே ரத்தத்தைத் திரும்பத் திரும்ப இறைக்கிறது. அந்தச் சத்தம்தான் லாஞ்சுச் சத்தம்.

"அப்ப அடைச்சிரலாம்லா, அண்ணே?"

"அடைக்கலாம். சென்னைக்குப் போகணும். விலாப்பக்கம் திறந்து நூலால கட்டிருவாங்க."

"எப்ப?"

"கொஞ்சம் எடை ஏறட்டும்னு சொல்லுதாங்க."

"பால் குடிச்சாத்தான எடை ஏறும். பால் குடிக்க மூச்சு வேணும். மூச்சு இந்த மடையால போகுது. மடைய அடைக்க எடை வேணுமா?"

"ஆமா."

"நல்லாருக்கு ஒங்க படிப்பு," என்றாள்.

சுவரில் நான் விரலால் வரைந்த, கண்ணுக்குத் தெரியாத படத்தையே நீ பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "அப்ப இவ இன்னும் மேல வரலன்னு சொல்லு," என்றாய்.

அதற்குப் பிறகு உனக்கு ஒரே வேலை ஸ்டெல்லாவின் எடை. கருவாட்டுக் கடை அண்ணாச்சியின் தட்டுத் தராசில் ஒரு தட்டில் துணியை விரித்து அவளைக் கிடத்துவாய். மறு தட்டில், நான் சொன்ன எடைக்கான படிக்கற்கள். ஒருநாள் நானும் கூட இருந்தேன்.

"என்னடே, பிள்ளைய விக்கப் போறியா? இந்தத் தட்டுல நேத்து வாளைக் கருவாடுலா கெடந்துது," என்றார் அண்ணாச்சி.

"ஒம்ம கருவாட்ட விட எம்பிள்ளை காய்ஞ்சு கெடக்கா அண்ணாச்சி. கல்லத் தொடாதீரும். முள்ளப் பாரும்."

"நான் கல்லத் தொட்டா நீ சும்மா விடுவியா? ஊருக்கெல்லாம் கொறச்சு நிறுக்கவன் ஒனக்கு மட்டும் சரியா நிறுக்கேன். வெளிய சொல்லிராத."

கற்கள் இருந்த தட்டு கீழே கிடந்தது. ஸ்டெல்லா மேலே தொங்கிக்கொண்டு கால்களை ஆட்டினாள். நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே தட்டின் அடியில் கையை வைத்திருந்தாய், விழுந்துவிடாமல்.

ஆனி பிறந்து காற்று எழும்பியது. கடல் கலங்கினால் சங்கு எடுக்க முடியாது. உங்கள் தெருவில் பாதிப்பேர் புதுத் துறைமுகத்துக்குக் கூலிக்குப் போனீர்கள். புதுத் துறைமுகம் வந்தால் ஊர் மாறிவிடும் என்று மேடை போட்டுப் பேசியிருந்தார்கள். மாறியது. கடலுக்கு அடியில் வேலை பார்த்தவர்கள் கப்பலின் அடியறையில் வேலை பார்த்தார்கள்.

அன்றைக்கு வந்த கப்பலில் மரத்தடிகள். வெட்டின ஈரம் காயாமல் ஏற்றி, வழியெல்லாம் மூடியே கொண்டுவந்தது. ஈர மரம் மூடின அறையில் கிடந்தால் அங்கே இருக்கும் பிராணவாயுவை உறிஞ்சிவிடும். பார்த்தால் வெறும் இருட்டு. வாடைகூட மர வாடைதான். மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விட்டபிறகே ஆளை இறக்க வேண்டும். காற்றாட விட்டால் கப்பல் காத்திருக்க வேண்டும். கப்பலைக் காக்க வைக்கக் கூடாது, ஆளை இறக்கலாம்.

முதலில் ஏணியில் இறங்கிய ஆள் பாதியில் துணி மாதிரி கீழே விழுந்தான். மேலே நின்றவர்கள் கத்தினார்கள். யாரும் இறங்கவில்லை. நீ கயிற்றின் நுனியைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் மூச்சடக்கிப் போயிட்டு வாரேன், கயித்தப் பிடிங்க" என்று சொன்னாயாம். ஒரு பெருமூச்சு இழுத்துவிட்டு இறங்கினாயாம்.

இதை எனக்குச் சொன்னவன் அன்று மேலே கயிறு பிடித்திருந்தவன். ஆஸ்பத்திரியில் பிணக்கிடங்குக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். நான் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தேன்.

"எறங்கினவரு அவனக் கயித்துல கெட்டிருக்காரு சார். எங்களுக்கு இருட்டுல ஒண்ணும் தெரியல. கயிறு ரெண்டு வாட்டி ஆடிச்சு. எதுலயோ மாட்டிக்கிட்டுன்னு நெனச்சோம்."

"ரெண்டு வாட்டியா?"

"ஆமா சார். வெட்டி வெட்டி இழுத்த மாதிரி. பொறவு மறுபடியும் ரெண்டு வாட்டி. மேஸ்திரி குனிஞ்சு, 'ஏலே கெட்டிட்டியா, இல்லையா, சொல்லித்தொலையேன்'னு சத்தம் போட்டாரு. பதில் இல்ல. திரும்பவும் சத்தம் போட்டாரு. கயிறு மறுபடி ஆடிச்சு. மூணாவது தடவ சத்தம் போட்டப்பதான் கீழருந்து, 'கெட்டிட்டேன், இழுங்க'ன்னாரு. நல்லாக் கேட்டுது சார். தெளிவாத்தான் சொன்னாரு."

"பிறகு?"

"இழுத்தோம். அவன் வந்துட்டான். இவரு வரல."

அவ்வளவுதான் நடந்தது. ஏணி உனக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. உன் நெஞ்சில் இன்னும் மூச்சு இருந்திருக்கிறது. பேச வேண்டுமானால் அந்த மூச்சை வெளியே விட வேண்டும். விட்டால் அடுத்ததை இழுத்தாக வேண்டும். அங்கே இழுக்க ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு மூச்சு போதும், ஆள் சரிந்துவிடுவான்.

கடலில் நீ ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. அங்கே கயிற்றின் மேல் நுனியில் உன் சித்தப்பா இருந்தார். இங்கே இருந்தவர்களுக்குக் கயிறு என்பது சரக்குத் தூக்குகிற சாமான்.

நீ தூக்கிவிட்ட ஆள் பிழைத்துக்கொண்டான். ஒப்பந்தக்காரர் அடக்கத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி. சித்தப்பாவைத் தனியே கூப்பிட்டு, "அவன யாரும் எறங்கச் சொல்லலியே, அவனாத்தான எறங்கினான்" என்றார். சித்தப்பா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் சொன்னேன். மரத்தைப் பற்றியும் மூடியைப் பற்றியும் காற்றைப் பற்றியும் கோயில் வாசலில் நின்று கத்தினேன். "படிச்ச தம்பி, துக்கத்துல பேசுதாரு," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார். எனக்குத் துக்கமெல்லாம் இல்லை. துக்கம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கெங்கோ மனுப்போட்டேன். மேஸ்திரி வேறு கப்பலுக்குப் போனார். கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போனது.

கொஞ்சநாள் கழித்து ஒரு காலையில் கருவாட்டுக் கடை அண்ணாச்சி தராசைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தார். துக்க வீட்டுப் பெண் தெருவில் இறங்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். நிலைப்படியில் தராசைத் தொங்கவிட்டு, தட்டைக் கழுவித் துடைத்துப் பிள்ளையை வாங்கிக் கிடத்தினார். பிறகு எல்லா நாளும் வந்தார். யாரோடும் பேச மாட்டார். வருவார், நிறுப்பார், போய்விடுவார். முள் நேராக நின்ற அன்று மட்டும் வாசலில் நின்றபடி, "ஏளா லூர்து, டாக்டர் தம்பிக்குச் சொல்லி அனுப்பு" என்றாராம். சொல்லிவிட்டுத் தராசை அங்கேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்.

சென்னைக்கு நான் கூடப் போனேன். ரயிலில் லூர்து பிள்ளையின் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. "அவுக இதுல கைய வச்சாத்தான் தூங்குவாக," என்றாள். அறுவைக்கு உள்ளே கொண்டுபோனபோது நான் கதவுக்கு வெளியே நின்றேன். எனக்குள் பயமோ ஜெபமோ ஒன்றும் இல்லை. சுவரில் பல்லி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே உன் மகளின் இடது விலாவைத் திறந்து, பிறந்த அன்றே சுருங்கியிருக்க வேண்டிய அந்தச் சின்னக் குழாயை நூலால் கட்டினார்கள். கட்டி இறுக்கும் நேரத்திலேயே அதிர்வு விரலுக்கடியில் நின்றுவிடும் என்று கட்டிய டாக்டர் பிறகு சொன்னார்.

வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு நான் கேட்டேன். வட்டைக் கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு, கட்டுக்கு மேலே நெஞ்சில் வைத்தேன். இரண்டு ஓசை. நடுவில் அமைதி. மறுபடி இரண்டு ஓசை. லாஞ்சு இல்லை.

"என்னண்ணே கேக்குது?" என்றாள் லூர்து.

"ஒண்ணும் கேக்கல. மேல வந்துட்டா."

அவள் கையை வைத்துப் பார்த்தாள். வைத்தபடியே இருந்தாள். பிறகு, அவளும் அழாமல், "அவுகளுக்கு இது தெரியாதுல்ல," என்றாள். தெரியாது. உனக்குத் தெரிந்த ஸ்டெல்லாவின் நெஞ்சு அதிர்கிற நெஞ்சு. அடங்கினது உனக்குத் தெரியாது.

உன் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஓடினால் இளைக்கிறது, நின்றால் அடங்குகிறது. நான் வீட்டுக்கு வந்தால் சட்டையைத் தூக்கி விலாத் தழும்பைக் காட்டிவிட்டு, "பாத்தாச்சுல்ல, போ" என்பாள். உன் வாய்.

இத்தனை காலத்தில் எத்தனையோ பிள்ளைகளைக் கையில் வாங்கிவிட்டேன். ஒவ்வொரு பிள்ளை அழும்போதும் உள்ளே அந்தக் கதவு சாத்துகிறது, மடை அடைபடத் தொடங்குகிறது. பெரும்பாலும் எல்லாம் சரியாகவே நடந்துவிடுகிறது. யாரும் கட்ட வேண்டியதில்லை, யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. அதற்கு அப்புறம் வெளியே அந்தப் பிள்ளைகளுக்கு நடக்கப்போவதைத்தான் என்னால் நினைக்க முடியவில்லை. நினைக்காமல் இருக்கப் பழகிவிட்டேன்.

காலையில் பிறந்தவன் விறகுக்கடைக் கூலிக்காரர் ஒருவருடைய மகன். தகப்பன் ஜன்னலுக்கு வெளியே நின்று, "என்ன டாக்டரய்யா? பிள்ளை எப்படி இருக்கான்? சொல்லுங்கய்யா," என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் கையை மட்டும் அவர் பக்கம் உயர்த்திக் காட்டினேன், இருங்கள் என்று. மற்றக் கை மூடியிருந்தது. உள்ளே வட்டு மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது. சூடாகும்வரை நான் வாயைத் திறப்பதில்லை.